டிரான்ஸ்பார்மர் யாருடையது? டிரைவ் வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி

மெஷின் ஒன்றுதான். வாங்குபவர்கள் மூன்று பேர். துணியைப் பெரிய சுருளாகச் சுற்றுகிற பேட்சிங் மெஷின் அது. 7.5 கிலோவாட் மோட்டார், நம் பேச்சில் பத்து எச்.பி. அதை வேண்டிய வேகத்தில் ஓட்ட ஒரு வி.எஃப்.டி. டிரைவ், துணியின் இழுவையை அளக்க ஒரு லோடு செல். முதல் மெஷின் பல்லடம் பக்கம் ஒரு நெசவு மில்லுக்குப் போகிறது. இரண்டாவது திருப்பூரில் வீடுகளுக்கு நடுவே நடக்கும் ஒரு யூனிட்டுக்கு. மூன்றாவது ஜெர்மனிக்கு.

டிரைவ் விற்பவரிடம் கொட்டேஷன் கேட்டால் மூன்று விலை வரும். சாதாரண மாடல் 'சி3'. கொஞ்சம் கூடுதல் விலைக்கு, உள்ளேயே நல்ல ஃபில்டர் வைத்த 'சி2'. அதற்கும் மேலே, வெளியே தனி ஃபில்டர் பெட்டி மாட்டினால் 'சி1'. கூடவே எஸ்டிஓ (மோட்டாரின் விசையைப் பாதுகாப்பாக எடுத்துவிடும் வசதி) வேண்டுமா வேண்டாமா என்று ஒரு வரி. பர்ச்சேஸ்காரர் கையில் இருந்தால் விலை குறைந்தது வரும். இன்ஜினியர் கையில் இருந்தால் 'எதற்கும் இருக்கட்டும்' என்று சி1 வரும். முதல் வழி தப்பாகப் போகலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது வழி அதைவிட மோசமாகப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த ஒப்பீடு.

டிரைவுகளுக்கென்று ஐஇசி என்ற சர்வதேச அமைப்பின் 61800 தரநிலை வரிசை இருக்கிறது. அதில் நமக்கு வேண்டியவை மூன்று. 61800-3 மின்காந்த இணக்கம் பற்றியது: டிரைவ் பக்கத்துக் கருவிக்குத் தொல்லை தரக்கூடாது, பக்கத்துத் தொல்லைக்கும் அசரக்கூடாது. 61800-5-1 ஷாக், சூடு, தீ, மெயினை அணைத்த பிறகும் உள்ளே தேங்கி நிற்கும் மின்சாரம் ஆகியவை பற்றியது. 61800-5-2, 'நில்' என்றால் மோட்டார் நிச்சயமாக நிற்குமா என்பது பற்றியது. ஆவணங்கள் தனித்தனி, டெஸ்ட் ரிப்போர்ட்டுகள் தனித்தனி. பேனல் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் எர்த் பார் மட்டும் ஒன்றே ஒன்று. முதல் தரநிலைக்காக மாட்டுகிற ஃபில்டர் இரண்டாவது தரநிலையின் வேலையைக் கெடுக்கும் இடம் அதுதான்.

சத்தம் எங்கே பிறக்கிறது

415 வோல்ட் ஏ.சி.யை டிரைவ் முதலில் டி.சி.யாக்குகிறது, ஏறத்தாழ 590 வோல்ட். அதை ஐஜிபிடி என்ற எலக்ட்ரானிக் சுவிட்சுகள் வினாடிக்குச் சில ஆயிரம் முறை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்புகின்றன. ஒவ்வொரு வெட்டும் ஒரு மைக்ரோ வினாடிக்குள் முடிந்துவிடும். மோட்டார் கேபிளுக்கும் மோட்டார் வைண்டிங்குக்கும் எர்த்தோடு ஒரு கெப்பாசிட்டன்ஸ் உண்டு. ஆக, ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு துளி கரண்ட் எர்த்துக்குள் தெறிக்கும். காதுக்குக் கேட்காத இதைத்தான் சத்தம் என்கிறோம். தெறித்தது டிரைவுக்குத் திரும்பி வந்தே ஆக வேண்டும். வழி காட்டாவிட்டால் கட்டடத்தின் எர்த், சப்ளை டிரான்ஸ்பார்மர், மெயின் லைன் என்று ஊரைச் சுற்றிக்கொண்டு வரும். வழியில் லோடு செல் ரீடிங் ஆடும், பக்கத்து வீட்டு ரேடியோ இரையும்.

ஃபில்டர் இந்தச் சத்தத்தை விழுங்கிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். விழுங்குவதெல்லாம் கொஞ்சம்தான். மீதிக்கு அது ஒரு குறுக்குவழி போட்டுக் கொடுக்கிறது: மெயின் லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே கெப்பாசிட்டர்கள். சத்தம் அந்த வழியாக எர்த் ஒயரிலிருந்து நேரே டிரைவுக்குத் திரும்பிவிடும். ஊருக்குள் போகாது, ஆனால் எர்த் ஒயரில் ஓடும். அதோடு, 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் அந்தக் கெப்பாசிட்டர்கள் வழியே கொஞ்சம் கசியும்.

இப்போது எண்கள். 150 கிலோஹெர்ட்ஸில் டிரைவ் மெயின் லைனுக்குள் விடக்கூடிய சத்தம் சி1-க்கு 66 டெசிபல் மைக்ரோவோல்ட், சி2-க்கு 79. நம் பத்து எச்.பி. அளவு டிரைவுக்கு சி3 என்றால் 100. டெசிபலை வோல்ட்டாக மாற்றினால் விஷயம் முகத்தில் அடிக்கும்: 2 மில்லிவோல்ட், 9 மில்லிவோல்ட், 100 மில்லிவோல்ட். சி2-வைப் போல 11 மடங்கு, சி1-ஐப் போல 50 மடங்கு சத்தம் போட சி3-க்கு அனுமதி உண்டு. சி4 என்று ஒன்றும் இருக்கிறது. அது 1000 வோல்ட்டுக்கு மேல், 400 ஆம்பியருக்கு மேல், சிக்கலான பெரிய அமைப்புகள் என்ற வகை. நமக்கு அது வேண்டாம்.

சி2, சி3 என்பதை 'தரம் இரண்டு, தரம் மூன்று' என்று படிப்பதுதான் குழப்பத்தின் வேர். இது எந்த ஊரில் எந்த லைனில் மாட்டலாம் என்பதற்கான அடையாளம். தரநிலை உலகத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வீடுகளும், வீடுகளோடு ஒரே டிரான்ஸ்பார்மரில் தொங்கும் கட்டடங்களும் முதல் சூழல். தனி டிரான்ஸ்பார்மர் வைத்திருக்கும் தொழிற்சாலை இரண்டாம் சூழல். வாசலில் போர்டு என்ன சொல்கிறது என்பது கணக்கே இல்லை. லைன் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கணக்கு. சி1 முதல் சூழலுக்கு. சி2-வும் அங்கே போகலாம், ஆனால் பிளக் மாட்டி இடம் மாற்றுகிற கருவியாக இருக்கக்கூடாது, விவரம் தெரிந்தவர் நிறுவ வேண்டும். சி3 இரண்டாம் சூழலுக்கு மட்டும். வீடுகளுக்கு மின்சாரம் தரும் பொது லைனில் மாட்டக்கூடாது என்று சி3 டிரைவின் மேனுவலிலேயே எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை.

பல்லடம் மில்: சி3 போதும், காசை வேறு இடத்தில் போடுங்கள்

மில்லில் எச்.டி. (உயரழுத்த) சர்வீஸ், சொந்த டிரான்ஸ்பார்மர். வீட்டுக்காரர் யாரும் அந்த லைனில் இல்லை. சி3 வாங்குங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

"அப்போது லோடு செல் ஆடாதா?" என்று கேட்பார்கள். ஆடும், பேனல் வயரிங் மோசமாக இருந்தால். சி2 வாங்கினாலும் அப்போதும் ஆடும். லோடு செல்லைக் கெடுப்பது பெரும்பாலும் மோட்டார் கேபிள் பக்கத்துச் சத்தம், மெயின் பக்கத்து ஃபில்டருக்கு அதில் பங்கு குறைவு. ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டைச் சுற்றிலும் 360 டிகிரி பிடிக்கிற மெட்டல் கிளாம்ப்பை இரண்டு முனையிலும் மாட்டினால் பாதிப் பிரச்சினை அன்றே தீரும். நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம்: ஷீல்டைப் பிரித்து, ஜடை மாதிரி முறுக்கி, ஒரு லக் அடித்து எர்த் பாரில் போடுவது. பார்க்க நேர்த்தியாக இருக்கும். மெகாஹெர்ட்ஸ் சத்தத்துக்கு அந்த ஒரு சாண் ஜடை மூடிய கதவு மாதிரி.

மில் மேனேஜர் கேட்கும் இன்னொரு கேள்வி ஹார்மோனிக்ஸ், அதாவது 50 ஹெர்ட்ஸின் மடங்குகள் கலந்து கரண்ட் கோணலாவது. 'ஃபில்டர் உள்ள டிரைவ்தானே, ஈ.பி. அபராதம் வராதில்லையா?' வரலாம். இந்த ஃபில்டர் 150 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வேலை செய்வது. ஹார்மோனிக்ஸ் 250, 350 ஹெர்ட்ஸில் இருப்பது. இரண்டுக்கும் ஃபில்டர் என்றே பேர் வைத்தது யார் புண்ணியமோ. ஹார்மோனிக்ஸுக்கு வேண்டியது சோக் என்ற கம்பிச்சுருள். சோக் இல்லாத ஆறு டயோடு டிரைவில் கரண்ட்டின் விகாரம் 80 சதவீதத்தைத் தாண்டிவிடும். 3 அல்லது 4 சதவீத சோக் போட்டால் ஏறத்தாழ பாதியாகும். சி3-க்கும் சி2-க்கும் உள்ள விலை வித்தியாசத்தை சோக்கிலும் ஷீல்டு கேபிளிலும் போட்டால் மில்லுக்கு அது நேரடி லாபம்.

மில்லில் ஜெனரேட்டரையும் பார்த்துவிட வேண்டும். நியூட்ரல் எர்த் செய்யாமல் விட்ட டி.ஜி. செட் என் அனுபவத்தில் அபூர்வமில்லை. அந்த மாதிரி சப்ளையில் ஒரு ஃபேஸ் எர்த்தில் பட்டால் மற்ற இரண்டு ஃபேஸும் எர்த்துக்கு 415 வோல்ட் காட்டும். ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பல டிரைவுகளில் அந்தக் கெப்பாசிட்டர்களைத் துண்டிக்க ஒரு ஸ்க்ரூ இருக்கும். கழற்றலாம், ஆனால் கழற்றியபின் அது சி2-வும் இல்லை, சி3-யும் இல்லை.

திருப்பூர் யூனிட்: முடிச்சு இங்கேதான்

எல்.டி. (தாழ்வழுத்த) சர்வீஸ். தெருமுனை டிரான்ஸ்பார்மரில் நாற்பது வீடு, இரண்டு கடை, இந்த யூனிட். முதல் சூழலுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. சி3 இங்கே கூடாது. மீடியம் வேவ் ரேடியோ முழுவதும் இந்த 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்குள் வருகிறது. கோவை வானொலியின் 999 கிலோஹெர்ட்ஸும் அதில்தான். இப்போது யார் ரேடியோ கேட்கிறார்கள் என்று கேட்டால், பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்கிறார்.

அப்போது சி1-தானே பாதுகாப்பு? சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு யூனிட்டில் அப்படித்தான் நினைத்தோம். புகார் வந்தது, வெளி ஃபில்டர் ஒன்று வாங்கி மாட்டினோம். சத்தம் நின்றது. மறுநாளிலிருந்து மெஷினை ஆன் செய்யும்போதெல்லாம், எர்த்துக்குக் கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கிற ஆர்சிசிபி விழுந்தது. மூன்றாம் நாள் போன் வரவில்லை. சரியாகிவிட்டது போல என்று இருந்தோம். ஒரு மாதம் கழித்து வேறு வேலையாகப் போனபோதுதான் தெரிந்தது: உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஆர்சிசிபியைத் தாண்டி நேராக வயர் போட்டுவிட்டார். ரேடியோவுக்காக நாங்கள் செய்த உபகாரம் ஆள் உயிருக்கான காவலைக் கழற்றிவிட்டது.

அது ஏன் விழுந்தது என்பதில்தான் இரண்டு தரநிலைகளும் மோதுகின்றன. 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி 15-க்குக் கீழே விழக்கூடாது, 30-ல் விழுந்தே ஆக வேண்டும். நடுவில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். மூன்று ஃபேஸும் சமமாக இருந்தால் ஃபில்டரின் 50 ஹெர்ட்ஸ் கசிவுகள் ஒன்றையொன்று பெரும்பாலும் அடித்துக்கொள்ளும். நம் தெரு லைனில் மூன்று ஃபேஸும் சமமாக இருக்கும் நேரம் எது? ஆன் செய்யும் கணத்தில் மூன்று கான்டாக்ட்டும் துல்லியமாக ஒரே நேரத்தில் சேர்வதும் இல்லை. ஃபில்டர் பெரிதாக ஆக, கெப்பாசிட்டர் பெரிதாகும், கசிவும் பெரிதாகும்.

அந்த ஆர்சிசிபி வகையும் தப்பு. மூன்று ஃபேஸ் டிரைவில் டி.சி. பக்கம் எர்த்தில் பட்டால், எர்த்தில் ஓடுவது ஏற்ற இறக்கம் இல்லாத டி.சி. கரண்ட். சாதாரண ஏ.சி. வகையும் ஏ வகையும் அதைப் பார்க்காது, அந்த டி.சி. அவற்றின் உள்ளே இருக்கும் காந்த வளையத்தை மரத்துப்போகவும் செய்யும், பிறகு உண்மையான கசிவு வந்தாலும் விழாது. இந்த மாதிரி டிரைவுக்கு முன்னால் ஆர்சிடி (கசிவைப் பார்த்து விழுகிற இத்தகைய கருவிகளின் பொதுப்பெயர்) வைப்பதென்றால் 'பி' வகை மட்டுமே வைக்க வேண்டும் என்பது 61800-5-1 சொல்வது. விலை அதிகம், கடையில் கேட்டால் ஆர்டர் போட்டுத்தான் வரும்.

சரி, ஆர்சிடியே வேண்டாம், கரண்ட் அளவு மீறினால் விழுகிற எம்சிபி இருக்கிறதே என்று விடலாமா? மில்லில் விடலாம், டிரான்ஸ்பார்மர் நியூட்ரலிலிருந்து வரும் எர்த் கண்டக்டர் அங்கே தடிமனாக இருக்கும், ஃபால்ட் ஆனால் எம்சிபி உடனே விழும். தெரு யூனிட் பெரும்பாலும் தன் சொந்த எர்த் குழியை நம்பி நிற்கிறது. குழியின் தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 240 வோல்ட்டுக்கு அதிகபட்சம் 48 ஆம்பியர்தான் ஓடும். 32 ஆம்பியர் சி வகை எம்சிபி உடனே விழ 320 ஆம்பியர் வரை கேட்கும். 48-ல் அது நிமிடக்கணக்கில் யோசித்துக்கொண்டிருக்கும். அத்தனை நேரமும் மெஷின் பாடி உயிரோடு இருக்கும். ஆக, வீடுகளோடு லைனைப் பகிர்ந்துகொள்கிற இடத்துக்கே நல்ல ஃபில்டரும் வேண்டும், ஆர்சிடியும் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பிடிக்காதவை.

இதற்கு நான் இப்போது தருகிற விடை சி2. சி1 வேண்டாம். உள்ளே உள்ள ஃபில்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மோட்டார் கேபிளை முடிந்தவரை குட்டையாக வையுங்கள். கேபிள் நீள நீள எர்த்துக்குத் தெறிப்பதும் கூடும். ஐஜிபிடி வெட்டும் வேகமான ஸ்விட்சிங் ஃப்ரீக்வென்சியை 8-லிருந்து 4 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். மோட்டார் கொஞ்சம் கீச்சிடும், கசிவு குறையும். டிரைவுக்குத் தனி லைன், அதற்கு பி வகை 300 மில்லியாம்ப் ஆர்சிடி. அதே 5 ஓம் குழியில் 300 மில்லியாம்ப் ஓடினால் பாடியில் வருவது ஒன்றரை வோல்ட், யாருக்கும் ஒன்றும் ஆகாது. பிளக் பாயிண்டுகளுக்கு 30 மில்லியாம்ப் தனியே இருக்கட்டும்.

இதோடு எர்த் ஒயர். கசிவு 3.5 மில்லியாம்பைத் தாண்டினால் 61800-5-1 கேட்பது இது: நிரந்தர இணைப்பு, எர்த் கண்டக்டர் குறைந்தது 10 சதுர மில்லிமீட்டர் செம்பு, அல்லது முதல் ஒயரின் அளவிலேயே இரண்டாவது எர்த் ஒயர். காரணம் எளிது. அந்த ஒரே எர்த் ஒயர் அறுந்தால், இதுவரை அதில் ஓடிய கசிவு மெஷினைத் தொடுகிறவர் வழியே ஓடும். பத்து எச்.பி.க்கு நம் ஆட்கள் 4 சதுர மில்லிமீட்டர் எர்த் ஒயர் ஒன்றை இழுத்துவிட்டு வருவார்கள். இரண்டு இழுக்கச் சொல்லுங்கள், இரண்டும் வேறு வேறு ஸ்க்ரூவில்.

எஸ்டிஓ: மூவருக்கும்

இதில் ஒப்பீடு சீக்கிரம் முடியும். எமர்ஜென்சி ஸ்டாப் அழுத்தினால் மோட்டாரை விடுவிக்க மூன்று வழி: டிரைவுக்கு முன்னால் கான்டாக்டர், பின்னால் கான்டாக்டர், அல்லது டிரைவுக்குள்ளேயே எஸ்டிஓ.

முன்னால் வைத்தால், அடிக்கடி அழுத்தும்போது டிரைவின் கெப்பாசிட்டர்களை நிரப்பும் ரெசிஸ்டர் தீய்ந்துபோகும். அதனால் ஆபரேட்டரே ஸ்டாப் பட்டனைத் தொடத் தயங்குவார். அழுத்திய பிறகும் உள்ளே உள்ள மின்சாரம் கொஞ்ச நேரம் தாங்கும். பின்னால் வைத்தால், ஓடும்போது திறக்கிற ஒவ்வொரு முறையும் நெருப்புப் பொறி, டிரைவ் டிரிப். ஒரு கான்டாக்டர் ஒட்டிக்கொண்டால் கதை முடிந்தது, அதனால் இரண்டை வரிசையாகப் போட்டு, ஒட்டியதா என்று பார்க்கத் துணை கான்டாக்ட்டும் எடுக்க வேண்டும். எஸ்டிஓ என்பது 24 வோல்ட் ஒயர்கள் இரண்டு; அவை போனால் ஐஜிபிடிகளுக்குப் போகும் துடிப்பு நின்றுவிடும், மோட்டாரில் சுழற்றும் விசை வராது. தேயும் பாகம் இல்லை, உடனே மறுபடி ஓட்டலாம். எஸ்ஐஎல் 3 என்று டேட்டாஷீட்டில் இருந்தால், அது ஆபத்தான பக்கமாகப் பழுதாகும் வாய்ப்பு மணிக்கு ஒரு கோடியில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் சங்கிலி முழுக்க அந்தத் தரம் வேண்டும். ஒற்றை கான்டாக்ட் ஸ்டாப் பட்டனை அதில் கோத்துவிட்டு எஸ்ஐஎல் 3 என்று எழுதக்கூடாது.

மூன்று எச்சரிக்கைகள் எஸ்டிஓ பற்றி. மின்சாரத்தை அது பிரிப்பதில்லை. டெர்மினலில் கை வைக்க ஐசொலேட்டரை அணைத்துப் பூட்ட வேண்டும், டிரைவின் மேல் எழுதியுள்ள நிமிடங்கள் காத்திருக்கவும் வேண்டும். மெயினை அணைத்த 5 வினாடியில் 60 வோல்ட்டுக்குக் கீழே இறங்காத கெப்பாசிட்டர்களுக்குத்தான் அந்த எழுத்து. அடுத்து, தொங்கும் பாரத்தை எஸ்டிஓ தாங்காது, பிரேக் வேண்டும். நம் மெஷினுக்கு முக்கியமானது மூன்றாவது: சுற்றிய துணிச் சுருள் கனமானது, விசையை எடுத்தால் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே வேண்டியது எஸ்எஸ்1, அதாவது வேகத்தைக் குறைத்து நிறுத்தி, பிறகு எஸ்டிஓ. அதற்கு பிரேக்கிங் ரெசிஸ்டரும் சேர்த்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் சீக்கிரம் நிறுத்தப் போய் டி.சி. வோல்டேஜ் ஏறி டிரைவ் டிரிப் ஆகி, சுருள் பழையபடி சுற்றும்.

ஜெர்மனி: சி2, வேறு காரணத்துக்காக

வாங்குகிற தொழிற்சாலைக்குச் சொந்த டிரான்ஸ்பார்மர் இருந்தால் விதிப்படி சி3-யே போதும். இருந்தும் சி2 என்பேன். டிரைவுக்கு 61800-3 உண்டு. அதைச் சுமக்கும் மெஷினை லேபில் பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்கான பொதுத் தரநிலை 61000-6-4-ல் வைத்துப் பார்ப்பார்கள். அதில் மெயின் லைனுக்கான வரம்பு 79-லும் 73-லும் நிற்கிறது, சி2-வின் அதே எண்கள். சி3 டிரைவுக்கு ஐரோப்பாவில் விற்கத் தேவையான சிஇ முத்திரை இருக்கும், மெஷின் லேபில் தோற்கலாம். சிஇ போட்ட பாகங்களைச் சேர்த்தால் சிஇ மெஷின் ஆகிவிடாது என்பதை முதல் டெஸ்ட் பில்லைக் கட்டியவர்கள் மறக்கமாட்டார்கள். இன்னொன்று, 2027 ஜனவரி 20 முதல் பழைய 2006/42 மெஷினரி டைரக்டிவின் இடத்தில் 2023/1230 ரெகுலேஷன் வருகிறது. அந்தத் தேதிக்குப் பிறகு போகும் ஆர்டருக்கு, இணக்கத்தை அறிவிக்கும் டிக்ளரேஷன் வாசகத்தைப் பார்த்துவைப்பது நல்லது.

அமெரிக்காவுக்கு என்றால் கேள்விகளே வேறு. அங்கே யு.எல். 508சி போய் யு.எல். 61800-5-1 வந்துவிட்டது. சி2-வா சி3-ஆ என்பதைவிட, பேனல் எத்தனை கிலோ ஆம்பியர் ஷார்ட் சர்க்யூட்டைத் தாங்கும் என்பதைத்தான் முதலில் கேட்பார்கள்.

எந்த வகையானாலும் கொட்டேஷனில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: எத்தனை மீட்டர் கேபிள் வரை, எந்த ஸ்விட்சிங் ஃப்ரீக்வென்சியில் இந்த டிரைவ் சி2? ஒரு மாடலுக்கு 5 மீட்டர், இன்னொன்றுக்கு 50. திருப்பூர் யூனிட்டில் அடுத்த தீபாவளிக்குள் பேனலை மேல்மாடிக்கு மாற்றுவார்கள், 6 மீட்டர் கேபிள் 18 ஆகும், அன்றோடு சி2 என்ற எழுத்துக்கு அர்த்தம் போய்விடும்.

வருடத்துக்கு இப்படி மூன்று நான்கு மெஷின் மட்டும் செய்பவராக இருந்தால் மில்லுக்கும் சேர்த்து எஸ்டிஓ உள்ள சி2 ஒரே மாடலை வாங்கி ஸ்டாக் வையுங்கள்; ஸ்பேர் ஒன்று மூன்றுக்கும் உதவும். மாதத்துக்குப் பத்து மில் ஆர்டர் போகிறதென்றால் சி3-ஐத் தனியாக வாங்குவதே கணக்குக்கு ஒத்துவரும். டி.ஜி. செட் உள்ள மில்லுக்கு அனுப்பும் பேனலில் மட்டும், நியூட்ரல் எர்த் ஆகியிருக்கிறதா என்று பார்க்காமல் ஃபில்டர் ஸ்க்ரூவைத் தொடாதே என்று தமிழில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.